ஹைப்ரிட் மருந்து: கலப்பா, ஒட்டா?

ராம்நாடு பக்கம் பருத்தியோ மிளகாயோ போடுகிற சம்சாரிக்கு ஹைப்ரிட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம், விதைக்கடையில் "நாட்டு ரகமா, ஹைப்ரிட்டா?" என்பதுதான் முதல் கேள்வி. விதைப் பையில் அது 'வீரிய ஒட்டு ரகம்'. அதே சொல் மலேரியா மருந்து ஆராய்ச்சிக்குள் வரும்போது மட்டும் 'கலப்பு மருந்து' ஆகிவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

மூலம் லத்தீன். ஹிப்ரிடா என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. பிறகு செடி, கார் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

மருந்தில் விஷயம் இதுதான். மலேரியாக் கிருமி ஓர் ஒட்டுண்ணி, சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்னும். மிஞ்சும் ஹீம் என்ற இரும்புள்ள பகுதி அதற்கே நஞ்சு என்பதால் படிகமாக்கி ஒதுக்கிவைக்கும். குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து அந்தப் படிகமாக்கலைத் தடுக்கிறது. ஆர்ட்டிமிசினின் என்ற இன்னொரு மருந்து, ஹீமிலுள்ள இரும்பைத் தொட்டதும் உடைந்து கிருமியைச் சிதைக்கிறது. இரண்டு வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அது கூட்டு மருந்து. ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியாவுக்குப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்த்துவிட்டுத் தருவது இந்த வகைதான். உள்ளே போனபின் இரண்டும் தனித்தனி மூலக்கூறுகளாகவே வேலை செய்யும்.

ஹைப்ரிட் அப்படியில்லை. இரண்டு மருந்துகளின் வேலை செய்யும் பகுதிகளை வேதிப்பிணைப்பால் கோத்து ஒரே மூலக்கூறாக்கிவிடுகிறார்கள். 2000இல் பிரான்சின் பெர்னார்ட் மெனியே குழு வெளியிட்ட ட்ரையாக்ஸாகுயின் நல்ல உதாரணம், ஒரு பக்கம் ஆர்ட்டிமிசினினில் உள்ளதுபோன்ற ட்ரையாக்ஸேன் வளையம், மறுபக்கம் குளோரோகுயினின் பகுதி. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி குளோரோகுயினைத் தன் உணவுப்பையிலிருந்து வெளியே தள்ளிவிடும். இவ்வளவு பெரிய மூலக்கூறைத் தள்ளுவது அதற்குச் சிரமம் என்பது கணக்கு. சிக்கலும் உண்டு. இரண்டு பகுதியும் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே இருக்கும், ஒன்றை மட்டும் கூட்டிக் குறைக்க வழியில்லை. ட்ரையாக்ஸாகுயின் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

அதனால் 'கலப்பு' வேண்டாம், கலந்தது பிரியும் என்ற எண்ணம் வந்துவிடும். 'ஒட்டு மருந்து' என்பதே என் ஓட்டு. ஒட்டுண்ணியைக் கொல்ல ஒட்டு மருந்து, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஒரே தொல்லை, போனில் சொன்னால் போலியோ சொட்டு மருந்து என்றே காதில் விழும். எழுத்தில் 'ஒட்டுமூலக்கூறு மருந்து' என்று நீட்டிக்கொள்ளலாம்.