ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

சராசரி கண்டுபிடி என்று கணக்கு வந்தால் எல்லாவற்றையும் கூட்டு, எண்ணிக்கையால் வகு, அடுத்த கணக்குக்குப் போ. பள்ளியில் புள்ளியியல் பயிற்சி பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. வகுக்கத் தெரிந்த யாரும் விடையைக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் அந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். பத்துத் தொகுப்புகளுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போடுவதைவிட, ஒரே தொகுப்பை வைத்துக்கொண்டு அதைத் திருகித் திருகிப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

ஒன்பது மாணவர்கள் பள்ளிக்கு வர எடுத்துக்கொள்ளும் நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம்: 5, 8, 10, 10, 12, 15, 15, 15, 18. கூட்டினால் 108, சராசரி 12. வரிசையில் நடுவில் நிற்பதும் 12, அதுதான் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தாமலே நடு எண்ணை எடுத்துவிடுவதுதான் இங்கே பாதிப் பேர் செய்யும் தப்பு). அதிக முறை வருவது 15, அது முகடு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு 13.

இப்போது 18-ஐ அழித்துவிட்டு 63 என்று எழுதுங்கள். மாறியது ஒரே ஒருவரின் நேரம்தான், ஆனாலும் சராசரி 17-க்குத் தாவிவிடுகிறது. மற்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட 17 நிமிடம் எடுக்கவில்லை! வீச்சு 58 ஆகிறது. இடைநிலை அளவும் முகடும் அசையவே இல்லை.

ஏன் இப்படி? சராசரி என்பது சீசா பலகை சாயாமல் நிற்கும் புள்ளி. பழைய தொகுப்பில் 12-க்குக் கீழே இருப்பவை எவ்வளவு குறைகின்றன என்று கூட்டினால் 7, 4, 2, 2, மொத்தம் 15. மேலே இருப்பவை 3, 3, 3, 6, அதுவும் 15. ஒருவர் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் புள்ளியும் அவர் பக்கம் போயே ஆக வேண்டும். இடைநிலை அளவுக்குத் தூரத்தைப் பற்றிக் கவலையே கிடையாது, எனக்கு மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று மட்டும்தான் அது பார்க்கிறது.

அப்புறம் தலைகீழாக ஒரு கணக்கு. ஐந்து முழு எண்கள், சராசரி 8, இடைநிலை 6, ஒரே முகடு 5 என்றால் அந்த எண்கள் எவை? முகடு 5 என்பதால் இரண்டு 5 வேண்டும், நடுவில் 6, ஆக முதல் மூன்றும் முடிவாகிவிட்டன. மொத்தம் 40 வர வேண்டும் என்பதால் மீதி இரண்டும் சேர்ந்து 24. 11-உம் 13-உம் சரி, 7-உம் 17-உம் சரி, 12-உம் 12-உம் கூடாது, 6-உம் 18-உம் கூடாது (ஏன் என்று யோசியுங்கள்). வகுத்தல் வாய்பாட்டைவிட இந்த ஒரு கணக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

சரி, எண்கள் போதுமே, படம் எதற்கு? 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், புள்ளிக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள். எக்ஸ் சராசரி நான்கிலும் 9, ஒய் சராசரி ஏறக்குறைய 7.5, சிதறலும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பது) கிட்டத்தட்ட ஒன்றேதான். வரைந்து பார்த்தால் ஒன்று சுமாரான நேர்கோடு, ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே புள்ளி மட்டும் தனியாகத் துள்ளி நிற்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்றவை எல்லாம் செங்குத்தாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கின்றன.

ஆனால் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நம் பழைய ஒன்பது எண்களுக்கே நிகழ்வெண் செவ்வகம் (எண்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை எண்கள் என்பதைச் செவ்வகத்தின் உயரமாகக் காட்டும் படம்) வரையுங்கள். 5–9, 10–14, 15–19 என்று பிரித்தால் உயரங்கள் 2, 3, 4, அழகாக ஏறும் படிக்கட்டு. அதையே 5–7, 8–10, 11–13, 14–16, 17–19 என்று பிரித்தால் 1, 3, 1, 3, 1, இரண்டு திமில் முளைத்துவிடுகிறது. எண்கள் ஒன்றுகூட மாறவில்லை, பிரிவின் அகலத்தை மட்டும்தான் மாற்றினோம். இதில் எது உண்மையான வடிவம் என்று ஒன்பது எண்களை வைத்துச் சொல்ல முடியாது. இவ்வளவு சின்னத் தொகுப்புக்குப் பேசாமல் ஒரு கோடு போட்டு, எண்ணுக்கு ஒரு புள்ளி வைத்துவிடலாம், 15-க்கு மேல் மூன்று புள்ளி, 10-க்கு மேல் இரண்டு. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அங்கே இல்லை.