கெட்டுப்போகாத கருவிகள்தான் அதிகம் வருகின்றன

என் மேசைக்கு வரும் குட்டி இணையக் கருவிகளில் பலவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரையே எடுக்க வேண்டியிருக்காது. சிம் போட இடமில்லாத, வைஃபையை மட்டும் நம்பி ஓடும், கையில் அடங்கும் சாதனங்களைச் சொல்கிறேன். பாட்டு, படம், மெயில் எல்லாம் இதிலேயே முடிந்துவிடும் என்று ஆசையாக வாங்கியிருப்பார்கள். ஏமாற்றத்தோடு கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் ஒருவர், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஒரு பிளேயரை எடுத்து வந்தார். “வைஃபை முழுசா காட்டுது சார், ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது. ஆன்டெனா போயிருக்குமோ?” நான் முதலில் பார்த்தது தேதியை. 1970 ஜனவரி 1. பேட்டரி முழுதாக வடிந்து கிடந்தால் கடிகாரம் இப்படித் தொடக்கத்துக்கே போய்விடுவது உண்டு. ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். கருவியின் கணக்கில் இன்னும் 1970. ஆக, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! பாதுகாப்பில்லாத இணைப்பு என்று கதவைச் சாத்திவிடுகிறது.

தேதியைத் திருத்தியதும் ஒன்றிரண்டு பழைய தளங்கள் திறந்தன. அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு வேண்டிய தளம் மட்டும் அசையவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்று ஒரு பட்டியல் கருவிக்குள்ளேயே இருக்கும். தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்தினால் அந்தப் பட்டியலும் அப்படியே நின்றுவிடும். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பின்னால், அவற்றுக்கு ஆதாரமாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அன்றைக்குப் பல பழைய கருவிகளில் அதுவரை திறந்த தளங்கள் திறக்காமல் போயின. அதற்கு முந்தைய வருடமே பெரிய பிரவுசர்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பாதுகாப்பு முறைகளைக் கைவிடத் தொடங்கிவிட்டன. அதே 2020 முடிவோடு, பழைய தளங்களில் வீடியோவையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃப்ளாஷும் போயிற்று. இணையம் நகர்ந்துவிட்டது, கருவி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அவருடைய பிளேயரில் பாட்டுகளை ஏற்றிக்கொடுத்து, வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்கச் சொன்னேன்.

இந்த வகைக் கருவிகளின் பிறவிக் குறையே இது. 2005இல் வந்த நோக்கியா 770இல் போன் கிடையாது, இணையம் மட்டும்தான். 2006இல் சோனியின் மைலோ வந்தது. அதன் வைஃபை 802.11பி, காகிதத்தில் நொடிக்கு 11 மெகாபிட். பக்கங்கள் லேசாக இருந்த காலத்துக்கு அது போதும். இன்றைய செய்தித்தளம் ஒன்றை அதில் திறக்க நினைப்பது மாட்டுவண்டியில் கண்டெய்னரை ஏற்றுகிற கதை.

சரி, புதிதாக வாங்கினால்? அங்கேயும் ஏமாற்றம் உண்டு, காரணம்தான் வேறு. “வீட்டு வைஃபையே தெரியலை” என்பார்கள். மலிவான பல கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் அதற்கு எதுவும் தெரியாது. பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை, புதிதான டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டபிள்யூபிஏ2, புதிய 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 32 ஜிபி என்று போட்டது 29.8 என்று காட்டுவது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. அதிலும் ஒரு பங்கை சிஸ்டம் எடுத்துக்கொள்ளும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் வருத்தப்படுவது படத்துக்குத்தான். திரை முழு ஹெச்டி, படமோ மங்கல். நெட் வேகத்தைத் திட்டுவார்கள். உண்மையில் பல ஸ்ட்ரீமிங் சேவைகள் வைட்வைன் என்ற பூட்டின் தரத்தைப் பார்த்துத்தான் படம் அனுப்புகின்றன. அதில் எல்1 என்ற உயர்ந்த நிலை இருந்தால் ஹெச்டி வரும். எல்3 என்ற கீழ்நிலை மட்டும் என்றால், திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சாதாரணத் தரம்தான். பெட்டியில் இதை அச்சிடுவது அபூர்வம். இந்த மாதிரிப் பூட்டுகளின் (டிஆர்எம்) விவரம் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் போட்டுப் பாருங்கள். கூடவே, நீங்கள் தினமும் பார்க்கும் ஆப்பில் ஒரு படத்தைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதுகு சுட்டு, படம் திக்கினால், புதிய வீடியோ வடிவங்களைப் பிரிக்கும் சிப் வசதி அதில் இல்லாமல் இருக்கலாம். பிராசஸரே மூச்சுவாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. அப்புறம், செட்டிங்ஸில் தெரியும் ரேம் அளவை அப்படியே நம்பாதீர்கள். போலிகளில் அந்த எண்ணையே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

பழையதை அலமாரியிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒன்று. சார்ஜரைச் செருகுவதற்கு முன் கருவியைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடமோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.