‘தனியார் பீப்பாய்’ என்னும் விபரீதம்

‘குடும்பச் சாராய ஆலையில் தனியார் பீப்பாய் தேர்வு’ என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் போலீஸ் சோதனைச் செய்தி என்றே நினைத்தேன். விஷயம் வேறு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குடும்பம் நடத்தும் வடிசாலைக்குக் கடைக்காரர் ஒருவர் போகிறார். கிடங்கில் முதிரும் போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியைச் சுவைத்துப் பார்த்து, தம் கடைக்கென ஒரு பீப்பாயைப் பொறுக்கியெடுக்கிறார். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘பிரைவேட் பேரல்’ எனப்படும் இதைத்தான் தமிழில் விஸ்கி பற்றி எழுதுவோரெல்லாம் ‘தனியார் பீப்பாய்’ என்று விடாமல் எழுதிவருகிறார்கள்.

பீப்பாய், போர்த்துக்கீசிய ‘பீப்பா’ தந்த சொல். சாவியும் அலமாரியும் வந்த வழியில் வந்தது. அதனாலேயே இதை விலக்கி ‘மிடா’ என்று எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. மிடா மண்பாண்டம். போர்பனின் நிறமும் வெனிலா வாசமும் உட்புறம் தீயில் கருக்கிய ஓக் பலகையிலிருந்து வருபவை. புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. மிடாவில் எத்தனை ஆண்டு வைத்தாலும் அது போர்பன் ஆகாது. பீப்பாய் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் சண்டை ‘தனியார்’ மீதுதான். ‘ஆர்’ ஆட்களைக் குறிக்கும் விகுதி. தனியார் பள்ளி, தனியார் பஸ் என்னும்போது அரசு நடத்துவது இன்னொரு பக்கம் இருக்கிறது. அரசுப் பீப்பாய் எங்கே இருக்கிறது? கென்டக்கியின் பார்ட்ஸ்டவுன் ஊரில் 1935இல் தொடங்கிய ஹெவன் ஹில் வடிசாலை ஷபிரா குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1936இல் தொடங்கிய வில்லெட்டும் குடும்ப நிறுவனமே. அங்கே அடுக்கியிருக்கும் பீப்பாய் அத்தனையும் தனியாருடையவைதாம். போதாக்குறைக்கு, பொறுக்கியெடுத்த விஸ்கி பெரும்பாலும் மொத்த விற்பனையாளர் வழியாகக் கடைக்கு வந்து, காசு கொடுக்கும் யாருக்கும் விற்கப்படுகிறது. இதில் தனியார் யார்?

‘தனிப்பட்ட பீப்பாய்’ என்று திருத்துகிறவர்களும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். வழக்கமாகப் பல பீப்பாய்களின் விஸ்கியைக் கலந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து அடைப்பதை 1984இல் பிளான்டன்ஸ் என்ற போர்பன் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘தனிப்பீப்பாய்’ என்ற பெயர் அதற்கே பொருந்தும். இரண்டுக்கும் ‘தனி’யைக் கொடுத்தால் வாசகர் எதை எதென்று பிரிப்பார்?

கிடங்கில் நடப்பதைப் பார்த்தாலே சொல் கிடைத்துவிடும். ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாயின் அடைப்புக்கு இரு பக்கமும் பணியாளர் மரச்சுத்தியால் தட்ட, அடைப்பு மெல்ல மேலெழும். நீண்ட செப்புக் குழாயை உள்ளே விட்டு, மேல்துளையைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினால் தேன்நிற விஸ்கி குழாயோடு வரும். ஒரே நாளில் நிரப்பியவைதாம். ஆனால் மேல்மாடி வெக்கையில் கிடந்தது ஒரு சுவை, கீழ்த்தளத்துக் குளிர்ச்சியில் கிடந்தது வேறு சுவை. சிலவற்றை ஒதுக்கி ஒன்றைக் கொள்வதுதான் அங்கே வேலை. ஆகவே ‘தெரிவுப் பீப்பாய்’ என்பேன். ‘இன்ன கடையின் தெரிவுப் பீப்பாய்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. ‘தேர்வு’ வேண்டாம், பீப்பாய்க்குப் பரீட்சை வைத்ததுபோல் இருக்கிறது.

அகராதியில் முதலில் கண்ட பொருளைப் பிடுங்கி ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. ‘தனியார் உரையாடல்’, ‘தனியார் வாழ்க்கை’ எல்லாம் அச்சேறுகின்றன. அந்தத் தலைப்பின் ‘சாராய ஆலை’யும் இதே ரகம். ‘மதுபான ஆலை’ என்று கௌரவமாக எழுதினாலும் பீர் ஆலையும் அதற்குள் வந்துவிடுகிறது. பீர் வடிப்பதில்லை, நொதித்ததோடு சரி. யாழ்ப்பாணத்தில் திக்கம் வடிசாலை என்று பெயரிலேயே நல்ல தமிழ் நிற்கிறது. அதை எடுத்துக்கொள்ளச் சென்னையில் எழுதுகிறவர்களுக்கு என்ன தயக்கம்?