ஜப்பானைத் தும்மவைக்கும் சுகி மரங்கள்

பிப்ரவரி பிறந்தால் ஜப்பானில் வானிலைச் செய்தியோடு மகரந்த நிலவரமும் சேர்ந்து வரும். இன்று எந்த ஊரில் எவ்வளவு பறக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் பலர் வெளியே கிளம்புகிறார்கள். காரணம், சுகி என்ற ஊசியிலை மரம். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, 1998-இல் 16.2 சதவீதம் பேருக்கு சுகி அலர்ஜி இருந்தது. 2008-இல் அது 26.5 சதவீதம். 2019-இல் 38.8.

இருபது ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு இப்படி மாறிவிடாது. மாறியது காடு.

போர்க்காலத்தில் மொட்டையான மலைகளில் 1950, 60-களில் சுகியை நட்டுத் தள்ளினார்கள். வேகமாக, நேராக வளரும். வீடு கட்ட உதவும். ஆனால் 1964-இல் மர இறக்குமதிக்கு வழி திறந்ததும், விலை மலிவான வெளிநாட்டு மரத்தோடு உள்ளூர் மரம் போட்டிபோட முடியவில்லை. வெட்ட ஆளில்லாமல் சுகி நின்றுவிட்டது. முப்பது வயதை நெருங்கும்போதுதான் அது மகரந்தத்தை அள்ளிக் கொட்டத் தொடங்கும்!

சரி, மகரந்தம் மூக்கில் பட்டால் என்ன? அதிலுள்ள புரதத்தை எதிரி என்று தவறாக எடுத்துக்கொண்டு, உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. (இதை 1966-இல் கண்டறிந்தவர்களும் ஜப்பானியர்களே: கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதி.) ஐஜிஇ போய், மூக்கு, கண்களின் உட்படலத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை மகரந்தம் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாம் அதனால்தான்.

'இத்தனை வருஷம் இல்லாதது இப்போது ஏன்?' என்று நாற்பது வயதில் கேட்பவர்கள் நிறைய. ஐஜிஇ உருவான எல்லோருக்கும் உடனே தொல்லை வருவதில்லை. சும்மா இருந்தவருக்கு, மகரந்தம் மிகுந்த ஒரு வருடத்தில் அறிகுறிகள் தொடங்கலாம். முந்தைய கோடை கடுமையாக இருந்தால் ஆண் பூக்கள் கூடும், அடுத்த வசந்தத்தில் மகரந்தமும் கூடும். இன்னொன்று, வந்த அலர்ஜி தானாகப் போவது அரிது. ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்கிறார்கள், பழையவர்கள் விலகுவதில்லை. பெரியவர்களிடம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

கிருமிகளோடு பழகாமல் அதிகச் சுத்தமாக வளர்வதால்தான் அலர்ஜி கூடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதை மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. நிக்கோ பகுதியில் 1980-களில் நடந்த ஆய்வில், சுகிக் காட்டுக்குள் வசித்தவர்களைவிட, வண்டிகள் நெரியும் சுகிச் சாலையோரம் வசித்தவர்களிடம் அலர்ஜி அதிகம் இருந்தது. டீசல் புகைத் துகள் ஐஜிஇ உற்பத்தியைத் தூண்டுவதை எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

சுகித் தோப்புகளைப் பத்தாண்டில் 20 சதவீதம் குறைப்பது, முப்பதாண்டில் மகரந்தத்தைப் பாதியாக்குவது என்று 2023-இல் அரசு திட்டம் வகுத்தது. மகரந்தமே உண்டாக்காத சுகி 1992-இல் தொயாமாவில் கிடைத்திருக்கிறது. அந்த வகைக் கன்றுகளையும் நடுகிறார்கள். மகரந்தம் குறையும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உண்டு. சுகிப் புரதத்தையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இது. மூன்று ஆண்டுகளாவது தினமும் எடுக்க வேண்டும், மகரந்தம் பறக்காத மாதங்களில்தான் தொடங்க வேண்டும்.