கொப்புளத்துக்குள் ஒரு மின்கலம்

பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட 1985ஆம் ஆண்டில்தான் மலேசியாவின் முதல் புரோட்டோன் சாகா காரும் சாலைக்கு வந்தது. அப்பா வாங்கிய பழைய சாகாவை நான் இன்றும் ஓட்டுகிறேன். சென்ற மாதம் அதைக் கழுவும்போது, பின்சக்கர வளைவின் ஓரத்தில் பயறளவுக் கொப்புளம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. ஜெலுத்தோங்கில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் திருப்புளியின் நுனியை வைத்து லேசாக அழுத்தினார். சுட்ட அப்பளம் போல் தகடு நொறுங்கியது; உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"உள்ளேயிருந்து வந்திருக்கிறது, தம்பி" என்றார்.

பயறளவு வெளியே, உள்ளங்கையளவு உள்ளே. இது எப்படி? துருப்பிடிக்கும் தகடு ஒரு சின்ன மின்கலம். ஈரத்தின் அடியில் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு நீரில் இறங்குகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் வேறோர் இடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. ஆக, ஆக்சிஜன் வந்து சேரும் இடம் ஒன்று, அரிபடும் இடம் வேறு. காற்று எட்டாத மடிப்பும், சேறு அப்பிய மூலையும், சாயத்தின் அடிப்புறமும்தான் முதலில் கரைகின்றன. உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் சாயம் உப்புகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த உப்பல் மட்டும்தான்.

இந்த மின்சுற்றுக்கு வழிவிடுவது உப்பு. பத்து ஃபெரிங்கி கடலோரச் சாலையில் போய்வந்த காரில் படியும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் தீவில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிதிலும் அரிது. மழையே பெய்யாவிட்டாலும் அந்த உப்புப் படலம் காய்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் இதே இடத்தில் பட்டி என்ற நிரப்புப் பசையைப் பூசிச் சாயம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் இன்னும் ஆற்றாமைதான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்புறம் திறந்தே கிடந்தால், அது ஈரத்தைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்கலத்தை மூடிவைத்தார்களே தவிர நிறுத்தவில்லை.

அண்ணன் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை வெட்டினார். குழிகளில் ஒட்டியிருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் தடவினார். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஓரங்களில் துத்தநாகப் பூச்சு. துத்தநாகத்தின் நியம மின்முனை அழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44; இந்த எண் கீழே இறங்க இறங்க எலெக்ட்ரானை விடுவது எளிது. எனவே எலெக்ட்ரானைக் கொடுக்க துத்தநாகமே முந்திக்கொள்ளும், இரும்பு பிழைக்கும். அதன்மேல் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகுதான் சாயம். கை நுழையாத உட்புறத்துக்கு மெழுகைப் பீய்ச்சினார்.

மெழுகுக்கு முன் அவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. ஒன்றில் கம்பியை விட்டுக் குடைந்தார். மக்கிய இலைத்துணுக்குகள் உதிர்ந்தன; பின்னாலேயே ஒரு குவளை பழுப்பு நீர் தரையில் ஒழுகியது. அதற்கு முந்தைய ஒரு வாரமாகப் பினாங்கில் மழையே இல்லை.