ஆளுக்கொரு ரூட் அக்கவுன்ட் வேண்டாம்

புதிதாக ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைப் பார்க்கப் போனால் நான் முதலில் திறப்பது, எல்லா அக்கவுன்டுகளும் வரிக்கு ஒன்றாக இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பைத்தான். ஒவ்வொரு வரியிலும் மூன்றாவதாக வருவது யூஐடி, அதாவது யூசரின் எண். அங்கே 0 இருக்கும் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது சர்வரில் எதையும் செய்யக்கூடிய ரூட்டுடையது. சில இடங்களில் மூன்று, நான்கு இருக்கும். கேட்டால், "ரூட் பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சார், அதான் ஆளுக்கொரு ரூட் அக்கவுன்ட் போட்டுட்டோம்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். யூஐடி 0 என்றால் எந்தப் பெயரில் நுழைந்தாலும் அது ரூட். உருவாக்கும் கோப்பும் ஓட்டும் ப்ராசஸும் (ஓடும் நிரல்) 0 என்றே பதிவாகும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போன்ற கட்டளைகள் அந்த எண்ணுக்குப் பெயர் தேடும்போது, பாஸ்வேர்ட் கோப்பில் முதலில் வரும் வரியை எடுத்துக்காட்டும். யாராவது வரிகளின் வரிசையை மாற்றிவிட்டால், சர்வர் செய்யும் வேலையெல்லாம் உங்கள் ஜூனியர் பெயரில் தெரியும்.

அவர் வேலையை விட்டுப் போகும்போது இன்னொரு கூத்து. அக்கவுன்டை நீக்கும் யூசர்டெல் கட்டளையைக் கொடுத்தால், இந்த யூசரை ப்ராசஸ் 1 பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று மறுத்துவிடும். சர்வர் தொடங்கும்போதே ரூட்டாக ஓடத் தொடங்கும் ப்ராசஸ் அது. உடனே சிலர் ஃபோர்ஸ் ஆப்ஷனையும் ஹோம் டைரக்டரியை அழிக்கும் ஆப்ஷனையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த அக்கவுன்டின் ஹோம் டைரக்டரி ரூட்டுடையதாகவே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். வேறொருவரும் அதைப் பயன்படுத்துகிறாரா என்ற சோதனையைத் தாண்டிச் செல்லவும் அதே ஃபோர்ஸ்தான் வழிவிடுகிறது.

யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் டூர் என்று இரண்டாவது யூஐடி 0 அக்கவுன்ட் கூடவே வருகிறதே என்று கேட்கலாம். ரூட்டின் ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தொடாமல் வேறு ஷெல் பயன்படுத்துவதற்காக வைத்தது அது. ஆட்களைப் பிரித்துக் காட்டுவதற்கு அல்ல.

அதிகாரத்தைப் பங்கிட, ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்ட அனுமதிக்கும் சூடோ இருக்கிறது. 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. அவரவர் தங்கள் சொந்தப் பாஸ்வேர்டைத்தான் கொடுப்பார்கள். யார், எப்போது, எந்தக் கட்டளையை ஓட்டினார் என்பது லாகில் (பதிவுக் கோப்பில்) விழும். சரி, சூடோ போட்டாயிற்று. அப்புறம் பார்த்தால், காலையில் வந்ததும் எல்லாரும் சூடோ போட்டு, வேறு யூசராக மாற உதவும் எஸ்யூவைக் கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் போய் மாலைவரை அங்கேயே இருப்பார்கள். லாகில் அந்த ஒரு வரிதான் மிஞ்சும். நடப்பதைக் கண்காணித்துப் பதியும் ஆடிட்-டி என்ற நிரல் ஓடும் சர்வரில் மட்டும் கொஞ்சம் தப்பிக்கலாம். முதலில் லாகின் செய்தவரின் எண்ணை அது தனியாக வைத்திருக்கும், எஸ்யூ செய்தாலும் அந்த எண் மாறாது. நேராக யூஐடி 0 அக்கவுன்டில் நுழைந்தவருக்கு அதுவும் 0தான்.

யாருக்கு எந்தக் கட்டளை என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் ஒருசில கட்டளைகளை மட்டும் அனுமதிப்பது நல்லது, ஆனால் எதை அனுமதிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். கோப்பைத் திருத்தும் விம்மையோ படிக்கும் லெஸ்ஸையோ கொடுத்தால் அதற்குள்ளிருந்தே ஷெல் திறக்கலாம், அதாவது முழு ரூட்டையும் கொடுத்ததாக ஆகிவிடும். கோப்பைத் திருத்தத்தானே என்றால் சூடோஎடிட் போதும். எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி (*) இன்னும் மோசம். லாக் கோப்பின் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டு, கோப்பைக் காட்டும் கேட் கட்டளையை அனுமதித்தால், அதே வரியில் பாஸ்வேர்ட் ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பையும் சேர்த்துக் கொடுத்துப் படித்துவிடலாம். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் ஏறக்குறைய ரூட் கொடுப்பதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

சூடோவிலும் ஓட்டை வரும். 2021 ஜனவரியில் வெளியான பாரன் சமெடிட் (Baron Samedit) என்ற கோளாறு 2011 முதல் கோடில் இருந்தது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத சாதாரண யூசரும் அதை வைத்து ரூட் ஆக முடிந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காரர்கள் இவ்வளவு பெரிய நிரல் எதற்கு என்று 2015இல் டூஆஸ் என்ற சிறிய மாற்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் நல்ல தேர்வுதான்.

சூடோயர்ஸை, பிழை இருக்கிறதா என்று சோதித்த பிறகே சேமிக்கும் விசூடோ மூலமாக மட்டும் திருத்துங்கள். ஒரு எழுத்துப் பிழை போதும், யாருக்குமே சூடோ வேலை செய்யாமல் போகலாம். ஆளுக்கொரு கோப்பாக சூடோயர்ஸ் டாட் டி டைரக்டரியில் போடுபவர்கள், பெயரில் புள்ளி வைக்காதீர்கள். புள்ளி உள்ள கோப்பை சூடோ சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

ஏற்கெனவே பல ரூட் அக்கவுன்டுகள் இருந்தால் யூசர்டெல் பக்கம் போகாதீர்கள். இன்னொரு ஜன்னலில் ரூட் செஷனைத் திறந்து வைத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்தும் விஐபிடபிள்யூ கட்டளை மூலம் அந்த அக்கவுன்ட் வரியின் யூஐடியை யாருக்கும் இல்லாத எண்ணாக மாற்றுங்கள். குழு எண்ணும் 0 என்றால் அதையும் மாற்றுங்கள். ஹோம் டைரக்டரி ரூட்டுடையது என்றால் புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுங்கள். ஆளை டெபியன், உபுண்டுவில் சூடோ குழுவிலும், ரெட்ஹாட்டில் வீல் குழுவிலும் சேருங்கள். அவர் பெயரில் க்ரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இருந்தால் அவை இனி ரூட்டாக ஓடாது, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இதுவரை அவர் உருவாக்கிய கோப்புகள் ரூட்டின் பெயரிலேயே இருக்கும். அவற்றை உரிமையாளரை வைத்துத் தேடிப் பிரிக்க முடியாது.