சூத்திரம் தெரியும், அதன் நிபந்தனை தெரியுமா?

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதமும் புள்ளியியலும் கற்பிப்பவன் என்ற முறையில், விடைத்தாள்களைத் திருத்தும்போது கூட்டல் கழித்தல் பிழைகள் எனக்குப் பெரிய கவலை தருவதில்லை. அவை கவனக்குறைவால் வருபவை. சுட்டிக்காட்டினால் மாணவர் தலையில் தட்டிக்கொண்டு அடுத்த முறை திருத்திக்கொள்வார். சூத்திரத்தைச் சரியாக எழுதி, எண்களைச் சரியாகப் பிரதியிட்டு, படிகளையும் பிசகின்றிச் செய்து, தவறான விடைக்குப் போய்ச் சேரும் மாணவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. எத்தனை முறை சரிபார்த்தாலும் அவர் கண்ணுக்கு ஒவ்வொரு வரியும் சரியாகவே தெரியும். அந்தச் சூத்திரம் எந்த நிபந்தனைக்கு உட்பட்டு உண்மையாகிறதோ, அந்த நிபந்தனையை அவர் பார்க்கவே இல்லை என்பதுதான் அங்கே நடந்த பிழை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டத்தில் வரும் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணின் நேர்மாறு டேன்ஜென்ட் என்பது, அந்த எண்ணை டேன்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணம். இரண்டு நேர்மாறு டேன்ஜென்ட்டுகளைக் கூட்டுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: தொகுதியில் இரண்டு எண்களின் கூடுதல், பகுதியில் ஒன்றிலிருந்து அவற்றின் பெருக்கற்பலனைக் கழித்து வருவது, இந்தப் பின்னத்தின் நேர்மாறு டேன்ஜென்ட்டே விடை. நேர்மாறு டேன்ஜென்ட் 2, நேர்மாறு டேன்ஜென்ட் 3 ஆகிய இரண்டையும் கூட்டச் சொன்னால், தொகுதி 5, பகுதி −5, பின்னம் −1, ஆகவே விடை −π/4 என்று வகுப்பில் பாதிப் பேர் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். கூட்டிய இரண்டும் மிகைக் கோணங்கள். முதலாவது ஏறத்தாழ 63.43 பாகை, இரண்டாவது ஏறத்தாழ 71.57 பாகை. இரண்டு மிகை எண்களின் கூடுதல் குறை எண்ணாக எப்படி வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. உண்மையான விடை 135 பாகை, அதாவது 3π/4. பெருக்கற்பலன் 1ஐவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தும். இரண்டு எண்களும் மிகையாக இருந்து பெருக்கற்பலன் 1ஐ மீறினால் π ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே பெருக்கற்பலன் 6.

கொள்குறி வினாவாக இது வந்தால் நான்கு விடைகளுள் −π/4 கண்டிப்பாக இருக்கும். வினாத்தாள் தயாரிப்பவர் அதைத் தற்செயலாக அங்கே வைப்பதில்லை. நிபந்தனையை மறந்தவர் எந்த விடைக்கு வருவார் என்று கணக்கிட்டே வைக்கிறார். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கொடுத்து, தவறான விடைக்கு ஒன்றைக் கழிக்கும் ஜே.இ.இ. மெயின் போன்ற தேர்வுகளில், தாம் கண்டுபிடித்த விடை பட்டியலிலேயே இருக்கிறது என்று மாணவர் மகிழ்ந்து போவதே அவருக்கு இழப்பாக முடிகிறது.

இந்தப் பழக்கத்துக்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆசிரியர்களாகிய நாம் கரும்பலகையில் சூத்திரத்தைப் பெட்டி கட்டி எழுதுகிறோம். நிபந்தனையைப் பெட்டிக்கு வெளியே, ஓர் ஓரத்தில், வாயால் சொல்லிக்கொண்டே எழுதுகிறோம். மாணவர் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் தமது சூத்திரக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்கிறார். தேர்வு நெருங்கும்போது பாடநூல் மூடப்பட்டு, குறிப்பேடு ஒன்றே கையில் இருக்கும். போதாக்குறைக்கு, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவை நிபந்தனை நிறைவேறும் எண்களைக் கொண்டே அமைக்கப்பட்டிருப்பதால், அதை மறந்தவருக்கும் ஆண்டு முழுவதும் சரியான விடையே வந்துகொண்டிருக்கிறது.

சில பிழைகள் ஒரே வரியில் பிடிபடும். −4, −9 ஆகியவற்றின் வர்க்கமூலங்களைப் பெருக்கச் சொன்னால், உள்ளே இருப்பவற்றை முதலில் பெருக்கி, 36இன் வர்க்கமூலம் 6 என்று எழுதுவது அத்தகையது. வர்க்கமூலங்களை ஒன்றாக இணைக்கும் விதி குறை எண்களுக்குப் பொருந்தாது, விடை −6. ஓர் எண்ணின் வர்க்கத்தின் தலைகீழியை −1 முதல் 1 வரை தொகையிட்டு −2 என்று விடை சொல்வது இன்னொன்று. எங்கும் மிகையாக இருக்கும் சார்பின் கீழ் அடங்கும் பரப்பு குறை எண்ணாக இருக்க முடியாது என்று விடையைப் பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். இடையில் பூச்சியத்தில் அந்தச் சார்பு வரையறுக்கப்படவே இல்லை. நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் தொடர்ச்சியைக் கேட்கிறது.

இன்னும் நயமான பொறி ஒன்று உண்டு. 0 பாகைக்கும் 180 பாகைக்கும் இடைப்பட்ட ஒரு கோணத்தின் சைன் மதிப்பையும், 4ஐ அதே சைன் மதிப்பால் வகுத்து வருவதையும் கூட்டினால் கிடைக்கும் மீச்சிறு மதிப்பு என்ன? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற சமனிலியைக் கற்ற மாணவர், இரண்டு உறுப்புகளின் பெருக்கற்பலன் 4, அதன் வர்க்கமூலம் 2, அதன் இருமடங்கு 4 என்று நொடியில் சொல்வார். அவர் பயன்படுத்திய சமனிலியில் தவறேதும் இல்லை; அந்தக் கூடுதல் 4க்குக் கீழே இறங்காது என்பது உண்மைதான். ஆனால் அது 4ஐத் தொட வேண்டுமானால் இரண்டு உறுப்புகளும் சமமாக வேண்டும். அதற்குச் சைன் மதிப்பு 2 ஆக வேண்டும். சைன் 1ஐத் தாண்டாது. அதன் மதிப்பு 0.5 என்றால் கூடுதல் 8.5, 0.8 என்றால் 5.8; 1 என்றால் 5. விடை 5, அதுவும் 90 பாகையில். ஓர் எல்லையைக் காண்பது வேறு, அந்த எல்லையை அடைய முடியும் என்று காட்டுவது வேறு என்பதை உணர்த்த இதைவிடச் சிறந்த கணக்கை நான் கண்டதில்லை.

புள்ளியியலுக்கு வரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. இயற்கணிதத்தில் விடையின் குறியைப் பார்த்தோ, பிரதியிட்டுப் பார்த்தோ பிழையைக் கண்டுகொள்ளலாம். நிகழ்தகவில் தவறான விடையும் 0க்கும் 1க்கும் இடையில் ஒழுங்காக வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து மின்விளக்குகளில் மூன்று பழுதானவை. மீண்டும் வைக்காமல் இரண்டை எடுத்தால், சரியாக ஒன்று மட்டும் பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன என்பது எளிய வினா. ஒரே முயற்சியைப் பலமுறை செய்யும்போது இத்தனை வெற்றி வர வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் ஈருறுப்புப் பரவலை இட்டால் 0.42 வரும். சரியான விடை 42/90, அதாவது ஏறத்தாழ 0.467. முதல் விளக்கை எடுத்தவுடன் பெட்டியில் இருப்பது ஒன்பதுதான். இரண்டாவது முயற்சி முதலாவதைச் சார்ந்துவிட்டது. முயற்சிகள் ஒன்றையொன்று சாராமலும், வெற்றி வாய்ப்பு மாறாமலும் இருந்தால்தான் ஈருறுப்புப் பரவல் செல்லும். அதே விகிதத்தில் 10,000 விளக்குகளில் 3,000 பழுது என்றால், துல்லியமான விடை 0.42004; அங்கே ஈருறுப்புப் பரவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிபந்தனை மீறப்படும்போது எவ்வளவு சேதம் வருகிறது என்று அளந்து பார்க்கும் திறன் புள்ளியியல் மாணவருக்கு மிகவும் வேண்டியது. அதைப் பள்ளி நிலையில் நாம் ஏறக்குறையத் தொடுவதே இல்லை.

சாரா நிகழ்ச்சிகள் என்ற ஒரு சொற்றொடரைச் சரிபார்க்காமல் பெருக்கியதன் விளைவு இங்கிலாந்தின் ஒரு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் 1996ஆம் ஆண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து இறந்தனர். தாயே கொன்றதாக வழக்கு. அத்தகைய வசதியுள்ள, புகைப்பழக்கம் இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாமல் திடீரென இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு என்றும், இரண்டு குழந்தைகள் அவ்வாறு இறக்க அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றும் குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சியம் சொன்னார். 1999இல் சாலி கிளார்க் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு என்றிருக்கும்போது இரண்டு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதை 2001இல் அரச புள்ளியியல் சங்கம் வெளிப்படையான அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த எண்ணைச் சரியென்றே வைத்துக்கொண்டாலும், அது அவர் குற்றமற்றவராக இருப்பதற்கான நிகழ்தகவு ஆகாது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக அரிதான நிகழ்ச்சியே, ஒப்பிட வேண்டியது அந்த இரண்டையும்தான். வெளியிடப்படாதிருந்த மருத்துவச் சான்று ஒன்று தெரியவந்ததை அடுத்து, 2003 ஜனவரியில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2007இல் அவர் இறந்தார்.

அந்த வழக்கில் குழம்பிய இரண்டாவது செய்தி, பதினொன்றாம் வகுப்பில், ஒரு சான்று கிடைத்தபின் நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று சொல்லும் பேய்ஸ் தேற்றத்தின்கீழ் நாம் நடத்துவதுதான். நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கும் ஒரு நோயை, நோய் உள்ளவர்களில் 99 சதவீதம் பேரிடம் கண்டுபிடிக்கும் பரிசோதனை, நோயற்றவர்களில் 5 சதவீதம் பேரையும் தவறாக நோயாளி என்று சொல்கிறது என்று கொள்வோம். ஒருவருக்கு 'நோய் உண்டு' என்று முடிவு வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருக்க நிகழ்தகவு என்ன? 99 சதவீதம் என்ற பதிலே வகுப்பில் முதலில் எழும். தேற்றத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் 10,000 பேரைக் கொண்டு எண்ணச் சொல்வது என் வழக்கம். நோயாளிகள் 100 பேர், அவர்களில் பிடிபடுவோர் 99. நோயற்றவர்கள் 9,900 பேர், அவர்களில் தவறாகச் சிக்குவோர் 495. மொத்தம் 594 பேரிடம் நோய் உண்டு என்கிறது பரிசோதனை. உண்மையான நோயாளிகள் 99 பேர். ஆறில் ஒன்று.

அதே பரிசோதனையை இன்னொரு முறை செய்து, மறுபடியும் 'உண்டு' என்று வந்தால், நிகழ்தகவு ஏறத்தாழ 80 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டுக் காட்டலாம். இங்கே ஒரு மாணவராவது குறுக்கிட்டு, முதல் முறை தவறாகச் சிக்கியவர் இரண்டாம் முறையும் அதே காரணத்தால் சிக்கலாமே என்று கேட்க வேண்டும் என்று நான் காத்திருப்பேன். அவர் உடலில் உள்ள ஏதோ ஒரு பொருள் பரிசோதனையை ஏமாற்றுகிறது என்றால் இரண்டு பிழைகளும் சாரா நிகழ்ச்சிகள் அல்ல. 80 என்ற எண் நிற்காது. அந்தக் கேள்வி எழும் ஆண்டில், சூத்திரத்தைப் பற்றி நான் அதற்குமேல் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒரு சிறு பழக்கத்தை மட்டுமே. நிகழ்தகவுகளைப் பெருக்கும் ஒவ்வொரு கணக்கிலும், பெருக்குவதற்கு முன் 'இவை சாரா நிகழ்ச்சிகள், ஏனெனில்' என்று எழுதி, அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும். முடிக்க முடியாவிட்டால் பெருக்கக் கூடாது. ஒன்று நடந்துவிட்டது என்று கொண்டு மற்றதன் வாய்ப்பைக் காணும் நிபந்தனை நிகழ்தகவுக்குப் போக வேண்டும். இதற்கு அரை நிமிடம் கூடுதலாகும். பயிற்சி மையங்களில் ஒரு வினாவுக்கு இத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துப் பழக்குவதால், இந்த அரை நிமிடத்தை வீண் என்று கருதும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். வேகம் தேவைதான், ஆனால் அதைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வளர்த்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே கடிகாரத்தை முன்னால் வைத்தால், பிள்ளை முதலில் வெட்டி எறிவது நிபந்தனையைத்தான்.

சூத்திரக் குறிப்பேட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் அடியில் அது பொருந்தாத ஓர் எண் உதாரணத்தை மாணவரே கண்டுபிடித்து எழுதினால் போதுமானது. பொதுத்தேர்வு நாளன்று வினாத்தாளைப் படிப்பதற்கென்றே பத்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் எந்த வினாவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மட்டும் பார்க்காமல், நிகழ்தகவு வினாக்களில் 'மீண்டும் வைக்காமல்' என்ற சொற்களும், முக்கோணவியல் வினாக்களில் கோணத்தின் இடைவெளியும் எங்கே வருகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.